பொம்மை வீடுகள் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பொம்மை வீடுகளையும் இன்றைய மினியேச்சர் வீடுகளையும் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கு நான் சொல்லி வரும் விடைகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய வீட்டைப் புதிதாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். அந்த ஒரு கருத்து இந்த விடைகளில் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வரும். அது தற்செயலாக வந்ததன்று.

பொம்மை வீட்டுக்கும் கட்டட மாதிரிக்கும் என்ன வேறுபாடு?

கட்டடக் கலைஞர் செய்யும் மாதிரி வீட்டின் வெளித்தோற்றத்தைக் காட்டுவதற்காகச் செய்யப்படுவது. பொம்மை வீடோ திறந்து உள்ளே பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. முன்சுவர் கதவுபோல் திறக்கலாம், பின்பக்கம் சுவரே இல்லாமல் விடப்பட்டிருக்கலாம், கூரையைத் தூக்கி எடுக்கலாம். எப்படியானாலும் அறைகளும் அவற்றில் இருக்கும் சாமான்களும்தான் அதன் உயிர். முழு வீடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தின் பெயரால் அறியப்படும் தனிச் சமையலறைகள், சிறு மளிகைக் கடைகள், முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒற்றை அறைப் பெட்டிகள் ஆகிய எல்லாவற்றையும் சேகரிப்பாளர்கள் இந்த வகையிலேயே சேர்க்கிறார்கள்.

தமிழில் இந்த எண்ணம் புதிதன்று. சங்கப் பாடல்களில் சிறுமியர் தெருவில் மணற்சிற்றில் கட்டி விளையாடுகிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் அந்தச் சிற்றிலைக் காலால் சிதைக்க வேண்டாம் என்று கெஞ்சுவதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் சிறுவீட்டுப் பொங்கல் இன்றும் வைக்கப்படுகிறது. ஆனால் நம்முடைய சிற்றில் அன்றன்று கட்டி அன்றன்று கலைப்பது. செப்புச் சாமான்களைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த நாம், அவற்றை வைப்பதற்கான வீட்டை நிலையாகச் செய்து வைக்கவில்லை. அதனால் இந்தச் சேகரிப்பின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த கதையாகவே இருக்கிறது.

முதல் பொம்மை வீடுகள் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவையா?

இல்லை. எழுத்துச் சான்று உள்ளவற்றில் மிகப் பழையது பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58இல் மியூனிக்கில் செய்வித்த வீடு. அது அவருடைய கலைப்பொருள் கூடத்தில் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் தீயில் அழிந்துபோனது. 1598இல் அந்தக் கூடத்துக்கு எழுதப்பட்ட பொருட்பட்டியலின் வழியாகத்தான் அதில் என்னென்ன அறைகள் இருந்தன என்பது நமக்குத் தெரிகிறது. பட்டியல் எழுதி வைப்பதன் மதிப்பைச் சேகரிப்பாளர்களுக்கு உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

17ஆம் நூற்றாண்டில் நியூரம்பர்க் செல்வர்கள் செய்வித்த வீடுகளுக்கு வேறொரு நோக்கம் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு வீட்டு நிர்வாகம் கற்பிக்க அவை பயன்பட்டன. அன்னா கோஃபர்லின் என்ற பெண்மணி 1631இல் தாம் அமைத்த வீட்டை அந்நகரத்தில் பொதுமக்கள் பார்க்கக் காட்சிக்கு வைத்து, ஒரு வீடு எப்படி ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்றையும் வெளியிட்டார்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் மனைவியர் வீட்டைப் பெரிய அலமாரிக்குள் அமைத்தனர். பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 1686 தொடங்கி ஏறத்தாழ 1710 வரை சேர்த்து நிறைத்த அலமாரி இப்போது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆமை ஓட்டைப் பதித்துச் செய்த அந்த அலமாரி இரண்டரை மீட்டர் உயரம் கொண்டது. அதற்குள் இருக்கும் பீங்கான் கிண்ணங்கள் சீனாவிலிருந்து வந்தவை. கூடைகளும் துணிகளும் வெள்ளிப் பாத்திரங்களும் அந்தந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் தனித்தனியாகச் செய்து கொடுத்தவை. உண்மையான வீட்டுத் துணிகள் நைந்து போய்விட்டன, பாத்திரங்கள் உருக்கப்பட்டுவிட்டன. அவற்றின் சின்னஞ்சிறு நகல்கள் மட்டும் கை படாமல் நிலைத்திருப்பதால், அக்காலத்து டச்சு வீடு எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் வரலாற்றாசிரியர்கள் இந்த அலமாரியைத் தேடி வருகிறார்கள். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் அப்பார்க், நோஸ்டெல் முதலிய மாளிகைகளில் செய்விக்கப்பட்ட வீடுகளும் இந்த மரபைச் சேர்ந்தவையே.

சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு எட்டக்கூடிய பழைய வீடுகள் எவை?

தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து அவை பெருமளவில் ஏற்றுமதியாயின. நியூரம்பர்க்கின் கிறிஸ்டியன் ஹாக்கர் நிறுவனம், மடிப்புக் கூரையுடைய, கூரையைத் தனியே தூக்கி எடுக்கக்கூடிய அழகான நகர வீடுகளைச் செய்தது. சாக்சனியின் மரியன்பெர்க் ஊரில் இருந்த மோரிட்ஸ் காட்ஷால்க் நிறுவனத்தின் வீடுகளைச் சேகரிப்பாளர்கள் கூரையின் நிறத்தை வைத்தே அழைக்கிறார்கள்: வண்ணத்தாள் ஒட்டிய சுவர்களோடு நீலக் கூரை இருந்தால் அது முற்காலத்தது, ஏறத்தாழ 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிவப்புக் கூரைக்கு மாறினார்கள்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் ஊரைச் சேர்ந்த பிளிஸ் நிறுவனம் லித்தோ முறையில் அச்சிட்ட தாளை மரத்தில் ஒட்டி வீடுகள் செய்தது. செங்கல், மரச்சட்டம், சன்னல் திரை எல்லாமே அச்சில்தான் இருக்கும். பல வீடுகளில் நிறுவனத்தின் பெயரும் முன்கதவில் அச்சிடப்பட்டிருக்கும். பியானோ பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற பிலடெல்ஃபியாவின் ஷோன்ஹட் நிறுவனம் 1917 முதல் பொம்மை வீடுகளையும் செய்தது. இங்கிலாந்தில் லைன்ஸ் குடும்பத்தின் மூன்று சகோதரர்கள் 1919இல் தொடங்கிய நிறுவனம், மூன்று கோடுகள் சேர்ந்தால் முக்கோணம் என்ற கருத்தில் டிரையாங் என்ற வணிகப் பெயரை வைத்துக்கொண்டது. அவர்களுடைய டியூடர் பாணி வீடுகளை இன்றும் எளிதில் பெறலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தகரத்தின் காலம் வந்தது. லூயி மார்க்ஸ் நிறுவனத்தின் தகர வீடுகளில் தரைவிரிப்பும் சுவர்ப் படமும் தகரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் 1947இல் தோன்றிய லுண்ட்பி நிறுவனம், மின்விளக்கு எரியும் வீடுகளையும் அந்தந்தக் காலத்து நவீன சாமான்களையும் செய்து உலகெங்கும் விற்றது. 1970களின் ஆரஞ்சு நிறச் சோபாவும் வட்ட விளக்கும் இவ்வளவு நேர்மையாகப் பதிவான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். மாட்டெல் நிறுவனத்தின் முதல் பார்பி வீடு 1962இல் மடக்கக்கூடிய அட்டையில் வந்தது. அட்டை என்பதாலேயே நல்ல நிலையில் கிடைப்பது அரிது. ஜப்பானின் இப்போக் நிறுவனம் 1985இல் தொடங்கிய சில்வேனியன் குடும்பங்கள் என்ற சிறு விலங்குப் பொம்மைகளும் இன்று சேகரிப்புப் பொருளாகிவிட்டன.

1:12 என்றால் என்ன? எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது?

உண்மையான வீட்டின் 1 அடி, பொம்மை வீட்டில் 1 அங்குலமாகச் சுருங்குவதே 1:12. ஆறடி மனிதர் ஆறு அங்குலப் பொம்மையாவார். பதினெட்டு அங்குல உயர நாற்காலி இருக்கை ஒன்றரை அங்குலத்தில் இருக்கும். இன்றைய கைவினைஞர்களில் பெரும்பாலோர் இந்த அளவிலேயே வேலை செய்கிறார்கள். 1:24 அதில் பாதி, 1:48 கால் பங்கு. 1:144 என்ற அளவும் உண்டு. 1:12 வீட்டில் இருக்கும் குழந்தைப் பொம்மையின் அறையில் ஒரு பொம்மை வீடு வைக்க வேண்டுமானால் அது இந்த அளவில்தான் இருக்க வேண்டும். லுண்ட்பி வீடுகள் ஏறத்தாழ 1:18, பார்பி ஏறத்தாழ 1:6.

இடத்தைக் கணக்கிட்ட பிறகே அளவைத் தேர்ந்தெடுங்கள். 24 அடி அகலமுள்ள இரண்டு மாடி வீடு 1:12இல் இரண்டடி அகலமும், கூரையோடு சேர்த்து இரண்டரை அடி உயரமும் பிடிக்கும். 1:24க்கு மாறினால் அது அடைக்கும் இடம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 1:24 பொருத்தமானது. பழைய வீடுகளில் மட்டும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 19ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகள் சீரான விகிதத்தைப் பின்பற்றியதே இல்லை; கதவைவிட உயரமான பொம்மையும், கட்டிலைவிடப் பெரிய விளக்கும் அவற்றில் இயல்பாகவே இருந்தன.

ஒரு வீட்டின் வயதை எப்படிக் கண்டறிவது?

முதலில் வீட்டைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள். காட்ஷால்க் வீடுகளில் பென்சிலால் எழுதிய எண் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் பலமுறை வண்ணம் பூசப்பட்டிருக்கலாம். அடிப்பலகையைத் தொட யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு நூறாண்டுப் பலகை உள்ளே ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமுமாகக் கறுத்திருக்கும், விளிம்புகள் கை பட்டுத் தேய்ந்திருக்கும். ஆனால் தேய்மானம் கை படும் இடங்களில் மட்டுமே இருக்க வேண்டும். எல்லா விளிம்பும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

அடுத்து இணைப்புகளைப் பாருங்கள். ஸ்டார் தலைத் திருகு 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அதற்கும் பல பத்தாண்டுகளுக்குப் பிந்தையது. விக்டோரியா காலத்தது என்று இணையத்தில் ஒருவர் எனக்கு விற்ற வீட்டின் பின்பலகையைத் தாங்கியிருந்தவை ஸ்டார் திருகுகள். பின்னால் செய்த பழுதாக இருக்கலாம் என்று நம்பிப் பலகையைக் கழற்றியபோது, உள்ளே இருந்த சுவரும் எம்.டி.எஃப். ஆகவே இருந்தது. வாங்கும் முன் அடிப்பலகை, பின்பக்கம், கீல்கள் ஆகியவற்றின் படங்களைக் கேட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். இந்த மூன்று படங்களையும் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

நாட்டுப் பெயர் முத்திரையும் உதவும். இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது; ஆகவே ஜெர்மனி என்ற முத்திரை உள்ள ஏற்றுமதிப் பொருள் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. முத்திரை இல்லை என்பதனால் மட்டும் பொருள் அதற்கு முந்தையது என்று முடிவு செய்யக்கூடாது. உள்நாட்டில் விற்றவற்றுக்கு அந்த முத்திரை தேவைப்படவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்ற பொருளுடைய முத்திரை 1945க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டும். மினியேச்சர் பீங்கான்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

சுவர்த்தாள் கடைசிச் சான்று. கிழிந்த மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தாள்கள் தெரிந்தால், அடியில் இருப்பதே வீட்டோடு பிறந்தது. மேலே உள்ளவை பின்னர் வந்த பிள்ளைகளின் தேர்வு.

வண்ணம் உரிந்து, சுவர்த்தாள் கிழிந்திருக்கிறது. புதுப்பிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு என் விடை வேண்டாம் என்பதே; அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நூறாண்டு பழைய பொம்மை வீட்டில் இருப்பது தொழிற்சாலையின் வேலை மட்டுமன்று. அதில் விளையாடிய குழந்தை ஒட்டிய தாள், அந்தக் குழந்தையின் அம்மா மிச்சத் துணியில் தைத்த திரை, அடுத்த தலைமுறையில் தாத்தா பொருத்திய மின்கம்பி ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடு. ஒரு தெருவில் இருந்த உண்மையான வீட்டைப் படமெடுத்தவர்கள் வரவேற்பறையை மட்டுமே படமெடுத்தார்கள்; சமையலறைச் சுவரின் நிறத்தையும் துணி துவைக்கும் தொட்டியையும் பொம்மை வீடுதான் நினைவில் வைத்திருக்கிறது. மேலே ஒரு கோட்டிங் வண்ணம் அடித்தால் அந்த நினைவு முழுவதும் அடைபட்டுவிடும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. விலையும் அப்படித்தான்: மங்கிப்போன மூல வண்ணத்தோடு நிற்கும் வீட்டை அறிந்தவர்கள் தேடி வாங்குவார்கள், பளபளப்பாகப் புதுப்பித்த அதே வீட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பழுது பார்ப்பது வேறு, புதுப்பிப்பது வேறு. கழன்ற கைப்பிடிச் சட்டத்தை ஒட்டலாம், தொங்கும் கதவைக் கீலில் நிறுத்தலாம், சுருண்டு வரும் தாளை அமிலமற்ற கோதுமை மாவுச்சத்துப் பசையால் படியவைக்கலாம். பின்னால் வருகிறவர் விரும்பினால் பிரித்தெடுக்கக்கூடிய வகையில் செய்யுங்கள். வெந்நீரில் இளகும் தோல் பசை அதற்கு ஏற்றது. உடனடியாக ஒட்டும் சையனோஅக்ரிலேட் பசைகளைப் பழைய மரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். இல்லாமல்போன பகுதிக்குப் புதிதாக ஒன்று செய்து பொருத்தினால், அதன் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

புதுப்பித்தே ஆகவேண்டும் என்ற கை அரிப்பு எனக்கும் உண்டு. அதற்கென்று, வெட்டிய பலகைகளாக வாங்கி நாமே பொருத்திக் கட்டும் 1980களின் கிட் வீடு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வெட்டப்பட்ட அந்த வீடுகளில் விருப்பம்போல் வண்ணம் தீட்டலாம், சுவரையே மாற்றலாம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

உலர்ந்த மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி, குழாய் முனையில் மெல்லிய வலைத்துணி கட்டிய உறிஞ்சியால் எடுக்க வேண்டும். பிய்ந்து வரும் சிறு துண்டு எதுவானாலும் அந்த வலைத்துணியில் தங்கிவிடும். அச்சிட்ட தாள் ஒட்டிய வீட்டில் தண்ணீர் படவே கூடாது. தொடக்கக் காலத்தில் ஈரத்துணியால் ஒரு சன்னலின் மேல் நான் லேசாகத் துடைத்ததில் மேற்பூச்சு கரைந்து அச்சும் சேர்ந்து துணியில் வந்துவிட்டது. அந்தச் சன்னல் இன்றும் வெளிறித்தான் இருக்கிறது. தகர வீட்டையும் பிளாஸ்டிக் சாமான்களையும் மட்டும் சிறிது ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்தலாம். அதையும் முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இவற்றை எப்படிப் பாதுகாப்பது?

குளிர்நாட்டில் செய்த மரம் இங்கே முதல் மழைக்காலத்தில் உப்பும், முதல் கோடையில் சுருங்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கடற்கரை நகரங்களில் அது கைகூடாதபோது, அளவைவிட ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதே முக்கியம். பகலில் ஏ.சி.யும் இரவில் வெக்கையுமாக மாறும் அறையைவிட, வெளிச்சுவர் இல்லாத, நாள் முழுதும் ஒரே நிலையில் இருக்கும் உள்ளறை மேலானது. கண்ணாடி அலமாரிக்குள் வைத்துச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மாதந்தோறும் மாற்றுங்கள். வெயில் நேரே விழும் சன்னலருகில் வைத்தால் சுவர்த்தாளும் துணியும் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும்.

பூச்சிகளில் மூன்றை எதிர்பார்க்கலாம். கரையானுக்கு, வீட்டைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் விலக்கி உலோகக் கால் மேசையில் வைப்பதே முதல் காப்பு. இராமபாணப் பூச்சி சுவர்த்தாளின் பசையைத் தின்னும். மரம் துளைக்கும் வண்டு இருந்தால் குண்டூசித் தலையளவு ஓட்டைகளும் அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மாவும் தெரியும்; மாவு இல்லாத ஓட்டை பெரும்பாலும் பழைய கதை. அருங்காட்சியகங்களில் இத்தகைய சிறு பொருள்களைக் காற்றுப் புகாமல் சுற்றி −20 பாகைச் செல்சியஸில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கிறார்கள். புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

பாச்சை உருண்டையை மட்டும் போடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். 1950களின் சாமான்கள் பல அந்தப் பிளாஸ்டிக்கில் செய்தவை. சில பழைய பிளாஸ்டிக்குகள் தாமாகவே சிதையும். அலமாரியைத் திறந்ததும் காடி வாடை வந்தால் செல்லுலோஸ் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பொருளை உடனே தனியே பிரித்து வைக்காவிட்டால் அந்த ஆவி அருகில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும்.

பழைய பொம்மை வீட்டைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கலாமா?

கூடாது. பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கும். பழைய உலோகச் சாமான்கள் பல ஈயத்தாலேயே வார்க்கப்பட்டவை. தகர வீடுகளின் விளிம்பு கையைக் கிழிக்கும். குழந்தைக்கு இன்றைய வீடு ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

பழைய மின்விளக்குகளை எரிய வைக்கலாமா?

பழைய மின்மாற்றியை நேரே சுவரில் செருக வேண்டாம். உறை வெடித்த கம்பியும் காய்ந்த காப்புத்தோலும் மரத்துக்கும் தாளுக்கும் நடுவே இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. விளக்குகளையும் கம்பியையும் அப்படியே விட்டுவிட்டு, அறையின் முன்விளிம்பில் மறைவாக எல்.இ.டி. பட்டை ஒன்றை ஒட்டாமல் சாய்த்து வைத்தால் போதும். வெப்பமும் இல்லை, பழையதுக்குச் சேதமும் இல்லை. புதிதாகக் கட்டும் 1:12 வீடுகளுக்கு 12 வோல்ட் முறையே வழக்கம். சுவர்த்தாளின் அடியில் தாமிரப் பட்டையை ஒட்டி, வேண்டிய இடத்தில் விளக்கைக் குத்திக்கொள்ளலாம்.

வீட்டைவிட அதன் சாமான்களுக்கு ஏன் விலை அதிகமாக இருக்கிறது?

வீடு பெரியது, ஆகவே தொலையவில்லை. சாமான்கள் தொலைந்துவிட்டன. துரிங்கியாவின் வால்டர்ஸ்ஹவுசன் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஈட்டி மரம்போல் வண்ணம் தீட்டிப் பொன்னிறப் பூவேலை அச்சிட்டுச் செய்த மேசைகளும் அலமாரிகளும் இன்று மிகவும் விரும்பப்படுகின்றன. 1920களின் டூட்ஸிடாய் உலோகச் சாமான்களும், போருக்குப் பிந்தைய ரென்வால் பிளாஸ்டிக் சாமான்களும் அவற்றைவிட எளிதில் கிடைப்பவை. ரென்வாலில் இழுப்பறை திறக்கும், தையல் இயந்திரத்தின் மிதி அசையும். அந்த அசையும் பகுதிகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். சேகரிப்பைச் சாமான்களிலிருந்து தொடங்குவது நல்ல வழி. ஒரு சிறு பெட்டியில் அடங்கும், கண்ணும் பழகும்.

இன்று செய்யப்படும் மினியேச்சர்களைச் சேகரிப்பது தகுமா?

தகும். 1979இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மினியேச்சர் கைவினைஞர்களின் பன்னாட்டுக் குழு, மெய்ன் மாநிலத்தின் காஸ்டின் ஊரில் ஆண்டுதோறும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. அங்கே உருவாகிறவர்கள் செய்யும் நாற்காலியின் மூட்டு, உண்மையான நாற்காலியின் மூட்டைப் போலவே பொளிந்து பொருத்தப்பட்டிருக்கும். செய்தவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வாங்கிய சீட்டை எறியாதீர்கள். லேசரில் வெட்டிய 1:24 அறைக் கிட்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சேகரிப்பதைவிடக் கட்டிப் பார்ப்பதில்தான் பயன். இரண்டு அறைகளை முழுமையாகக் கட்டி முடித்தவரின் கண், பழைய வீட்டின் வேலைப்பாட்டை வேறு விதமாகப் பார்க்கும்.

கொலுப் படிக்குக் கீழே ஆண்டுதோறும் அமைக்கும் ஊர்க் காட்சிகளுக்காகத் தச்சர்களும் மண்பாண்டக் கலைஞர்களும் செய்யும் சிறு வீடுகளும் கடைகளும் இந்தச் சேகரிப்பில் இடம்பெற வேண்டியவை. நவராத்திரி முடிந்ததும் தாளில் சுற்றிப் பரணில் ஏற்றும்போது, செய்தவர் ஊரையும் வாங்கிய ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

சுங்கவரியை முதலில் பாருங்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்குச் சுங்கப் பட்டியலில் தனித் தலைப்பு உண்டு என்பதால், வயதுக்கான சான்றை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்று, வாங்கும் நாளின் விகிதத்தைச் சுங்க முகவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்தது பொதி. சாமான்களை வீட்டுக்குள் வைத்து அனுப்பாதிருக்கும்படி தெளிவாக எழுதுங்கள். வழியில் உருளும் ஒரு ஈய அடுப்பு ஒரு அறையையே நாசமாக்கிவிடும். இரட்டைப் பெட்டி கேளுங்கள்.

இது நல்ல முதலீடா?

இல்லை. பிடித்திருந்தால் வாங்குங்கள்.

நேரில் பார்க்க வேண்டிய வீடுகள் எவை?

வின்ட்சர் கோட்டையில் இருக்கும் அரசி மேரியின் வீட்டை முதலில் சொல்வேன். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் 1921 முதல் 1924 வரை 1:12 அளவில் வடிவமைத்த அந்த வீட்டில் மின்தூக்கி நகரும், குழாயில் தண்ணீர் வரும், நிலவறைப் புட்டிகளில் உண்மையான மது இருக்கும். நூலகத்துக்கென்று அக்காலத்து எழுத்தாளர்கள் பலர் தம் கையால் சிறு நூல்களை எழுதிக் கொடுத்தார்கள். இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் டெல்லியின் அரசு மாளிகையை வடிவமைத்துக்கொண்டிருந்த அதே கை, அதே ஆண்டுகளில் இதையும் வரைந்தது.

சிகாகோ கலைக்கழகத்தில் நார்சிசா தோர்ன் அம்மையார் 1932க்கும் 1940க்கும் இடையே செய்வித்த 68 அறைகள் உள்ளன. அவற்றில் பொம்மைகளே இல்லை. திறந்த கதவுக்கு அப்பால் ஒரு தோட்டமும், மேசையில் கழற்றி வைத்த கண்ணாடியும் மட்டும் இருக்கும். ஆள் இப்போதுதான் எழுந்து போனார் என்று தோன்றும். அதே நகரத்தின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில், மௌனப்பட நடிகை காலீன் மூர் கொடுத்த தேவதைக் கோட்டை 1949 முதல் இருக்கிறது. நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்டெட்ஹைமர் வீட்டில் மார்செல் டூஷான் தம் புகழ்பெற்ற ஓவியத்தைத் தாமே சிறிதாக வரைந்து கொடுத்த நகல் தொங்குகிறது.

மனத்தை விட்டு அகலாத இன்னொன்று பால்டிமோரில் இருக்கிறது. ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ 1940களில் மரணம் நிகழ்ந்த அறைகளை 1:12 அளவில் செய்து, காவல்துறையினருக்குத் தடயம் பார்க்கக் கற்பித்தார். நாட்காட்டியின் தேதி, உருளைக்கிழங்கு பாதி உரித்த நிலை, சன்னலின் தாழ்ப்பாள் எல்லாம் அவற்றில் பொருளுடையவை. பொம்மை வீட்டைப் படிப்பது எப்படி என்பதை நான் கற்றது அந்த அறைகளின் படங்களைப் பார்த்துத்தான்.

பழைய வீட்டுக்குள் கிடைக்கும் துண்டு துணுக்குகளை என்ன செய்வது?

ஒன்றையும் எறியாதீர்கள். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிய இழுப்பறை, பாசிமணியில் செய்த விளக்கு, செய்தித்தாளில் வெட்டிய சுவர்ப்படம் ஆகியவை கடையில் வாங்கியவை அல்ல என்பதற்காக விற்பனையாளர்கள் கழித்துவிடுவதுண்டு. வாங்கும்போதே அவற்றையும் சேர்த்து அனுப்பும்படி கேட்டு வாங்குங்கள். வீடு வந்து சேர்ந்ததும், எந்தப் பொருளையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, எது எந்த அறையில் எந்த மூலையில் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் உள்ள சிவப்புக் கூரை வீட்டின் மாடிப்படிக்கு அடியில், நூல் சுற்றிய அட்டைத் துண்டில் பென்சிலால் ஒரு பூனை வரைந்து கத்தரித்து வைக்கப்பட்டிருந்தது. அது இன்னும் அந்தப் படியின் அடியிலேயே இருக்கிறது.